அடிக்கு ஓர் அங்குலம்

'எதை எடுத்தாலும் பத்து ரூபாய்' கடைக்குள் நுழைந்தால் நான் பொருளின் பெயரைப் பார்ப்பதில்லை. உயரத்தைப் பார்க்கிறேன். லிப்ஸ்டிக் மூடி இரண்டு அங்குலம். பன்னிரண்டால் பெருக்கினால் இரண்டடி. சமையல் எரிவாயு சிலிண்டரின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. சிவப்பு நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு, தலையில் ஜாக்கெட் கொக்கியின் வளையம் ஒன்று, சிலிண்டர் தயார். காம்பாக்ட் பவுடர் டப்பாவின் கண்ணாடி பீரோவில் பதியும். ஜிமிக்கியின் குடையைத் திருப்பி வைத்தால் உருளி. சேலையிலிருந்து உதிர்ந்த சமிக்கி, சாப்பாட்டுத் தட்டு. தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டினால் இழுப்பறை. உறிஞ்சு குழலை நெடுக்காக இரண்டாகப் பிளந்து செங்காவி பூசினால் நாட்டு ஓடு.

அடிக்கு ஓர் அங்குலம் என்பது பொம்மை வீடு செய்கிறவர்கள் உலகெங்கும் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கில் நான் கட்டிக்கொண்டிருப்பது குன்னத்தில் இருக்கும் எங்கள் வீட்டை. அப்பாவின் அப்பா காலத்து ஓட்டு வீடு அது.

செய்முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. தெர்மாகோல் மீது நெயில் பாலிஷ் பட்டால் கரைந்து குழியாகிவிடும். அதனால் சுவருக்கெல்லாம் அட்டைதான், கல்யாணப் பத்திரிகை அட்டை என்றால் இன்னும் நல்லது. முகப் பவுடரை ஃபெவிகாலோடு குழைத்து அந்த அட்டையில் தடவினால், காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்த பழஞ்சுவரின் சொரசொரப்பு வந்துவிடும். கூடத்துச் சிவப்புத் தரைக்கு மெரூன் நெயில் பாலிஷ் ஐந்து பாட்டில் பிடித்தது. அடுப்புக்கு மேலே புகை படிந்த சுவருக்குக் கண்மை. விரல் நுனியில் தொட்டுத் தொட்டு ஒற்ற வேண்டும். விளக்குப் புகையின் கரியைப் பிடித்துத்தான் ஒருகாலத்தில் வீட்டில் மை செய்தார்கள். கரி மீண்டும் சுவருக்கே போகிறது.

விடுதி மாணவிகள் காலி டப்பாக்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வராதே என்று சொல்கிற ஆசிரியர்களை அவர்கள் பள்ளியிலிருந்தே பார்த்துப் பழகியவர்கள். 'தீர்ந்த லிப்ஸ்டிக் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், எனக்குக் கொடுங்கள்' என்று கேட்கிற தமிழ் ஆசிரியையைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களே மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'இது குக்கருக்கு ஆகும் மேடம்' என்கிறார்கள்.

இந்த விளையாட்டு நமக்குப் புதிதல்ல. சங்க இலக்கியத்தில் பெண் பிள்ளைகள் மணலில் கட்டும் வீட்டுக்குச் சிற்றில் என்று பெயர். அதில் ஆக்கும் பொய்ச் சோறு சிறுசோறு. அகநானூற்றின் 110ஆம் பாட்டில், கடற்கரையில் சிற்றில் கட்டிச் சிறுசோறு சமைத்திருக்கும் பெண்களிடம் யாரோ ஒருவன் வந்து, பொழுது போய்விட்டது, இங்கே உண்டு தங்கிப் போகட்டுமா என்று கேட்கிறான். கலித்தொகையின் 51ஆம் பாட்டில், சின்ன வயதில் அவள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்தவன்தான் வளர்ந்த பிறகு தண்ணீர் கேட்டு வந்து கையைப் பிடிக்கிறான். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் பெண்கள் தங்கள் சிற்றிலைச் சிதைக்க வேண்டாம் என்று கண்ணனிடம் மன்றாடுவதற்கென்றே ஒரு பதிகம் இருக்கிறது.

பிள்ளைத்தமிழ் நடத்தும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிடுவேன். பத்துப் பருவங்களில் முதல் ஏழு இருபாலுக்கும் பொது. ஆண்பாலுக்குரிய கடைசி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர். வீடு கட்டுவது பெண் பிள்ளைகள். ஆனால் அந்தப் பருவம் ஆண் பிள்ளையின் கணக்கில் எழுதப்படுகிறது. ஏனென்றால் பாட்டின் பொருள் வீடு கட்டுவது அல்ல. அவன் அதை உதைப்பதும் 'உதைக்காதே' என்று அவர்கள் கெஞ்சுவதும்தான். பக்திக் கவிதையாக, காதல் கவிதையாக இதை எத்தனையோ முறை ரசித்து நடத்தியிருக்கிறேன். கவிதையின் அழகில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. கட்டியவளின் பெயரில் அந்த வீடு ஏன் இல்லை என்பதும் பாடத்துக்கு உள்ளேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டை அளக்கப் போனது போன வருடம் பங்குனியில். தையற்காரர் டேப் ஒன்று, பள்ளிக்கூட நோட்டு ஒன்று. பிறந்து வளர்ந்த வீடு. கண்ணை மூடிக்கொண்டு நடமாடுவேன். ஆனால் அளவு ஒன்றும் தெரியாது. தெருத் திண்ணை 16 அடிக்கு 5 அடி, 80 சதுர அடி. அடுப்பங்கரை 7 அடிக்கு 6 அடி, 42 சதுர அடி. அதற்குள் மண் அடுப்பு, பின்னாளில் வந்த கேஸ் அடுப்பு, அம்மி, குடங்கள், விறகு. சாளரம் ஒரு சாண் சதுரம். என் அட்டைச் சுவரில் அது முக்கால் அங்குலம். ஒரு ரூபாய் நாணயம் உள்ளே போகவில்லை.

2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண் ஒருத்தி சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறாள். வீட்டுவேலை செய்வதாகச் சொன்ன ஆண்களுக்கு 97 நிமிடம். நேரத்தை இப்படி எண்ணிவிட்டார்கள். அந்த 299 நிமிடத்தில் பெரும்பகுதி எத்தனை சதுர அடிக்குள் கழிகிறது என்பதை அவரவர்தான் அளந்துகொள்ள வேண்டும்.

பொம்மை வீட்டைப் பணக்காரப் பெண்களின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் 1686 முதல் ஏறக்குறைய 1710 வரை பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பெண் செய்வித்த பொம்மை வீடு இன்றும் அந்நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கான செலவில் நிஜ வீடே ஒன்று வாங்கியிருக்கலாம் என்பார்கள். ஆனால் அதே அளவுக் கணக்கை வேறொன்றுக்குத் திருப்பியவள் அமெரிக்காவின் ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ. 1878இல் பிறந்தவள், வசதியான குடும்பம், ஆனால் கல்லூரிக்கு அனுப்பவில்லை. நடுவயதுக்கு மேல் தன் பணத்தையும் கைவேலையையும் தடயவியலுக்குக் கொடுத்தாள். 1940களில், மரணம் நடந்த அறைகளை அடிக்கு ஓர் அங்குலமாகச் செய்து, போலீஸ்காரர்கள் துப்புத் துலக்கப் பழகவைத்தாள். 1943இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் போலீஸ் அவளுக்குக் கேப்டன் பதவி அளித்தது. அவள் செய்த அறைகளில் 18 இன்றும் பால்டிமோரில் பயிற்சிக்குப் பயன்படுகின்றன. அவற்றில் இறந்து கிடப்பவர்களில் பலர் பெண்கள். இடம் பெரும்பாலும் அவரவர் வீடு. ஒன்று சமையலறை, கேஸ் திறந்திருக்கிறது, செய்துகொண்டிருந்த சமையல் பாதியில் நிற்கிறது.

'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற பெட்டிச் செய்திகளைப் படித்து வளர்ந்த தலைமுறை நான். வரதட்சணை மரணத்துக்கென்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304-பி சேர்க்கப்பட்டது 1986இல். ஸ்டவ் எங்கே இருந்தது, கதவு எந்தப் பக்கம், தாழ்ப்பாள் உள்ளேயா வெளியேயா என்று யாராவது அந்த அடுப்பங்கரைகளை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்களா? லிப்ஸ்டிக் மூடியில் சிவப்புப் பூசும்போது இந்த எண்ணம் வரும். சின்னதாகச் செய்வதென்றால் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தாக வேண்டும். அழகுபடுத்துவது பிறகுதான்.

நான் டேப்பை எடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அப்பா இறந்த பிறகு வீட்டைத் தன் பேருக்கு மாற்ற வேண்டும் என்று தம்பி ஒரு தாளைக் கொண்டுவந்தான். 'ஒரு கையெழுத்துதான்க்கா. அம்மாவும் போட்டுருவாங்க.' அதன் பெயர் விடுதலைப் பத்திரம். தமிழ் படித்தவள் என்பதால் அந்தப் பெயரிலேயே கண் நின்றுவிட்டது. யார் எதிலிருந்து விடுதலை ஆகிறார்கள்? பெண் தன் பாகத்தை விட்டுக்கொடுப்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் சொல் விடுதலை!

பூர்விகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் உரிமை என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 1989இல். ஆனால் அந்த வருடம் மார்ச் 25க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது. அம்மா 1977இல் கல்யாணமாகி வந்தவள். தன் பிறந்த வீட்டுச் சொத்தைப் பற்றி அவள் வாய் திறந்ததேயில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் மகளுக்குச் சம உரிமை. அப்போது தந்தை உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை, உரிமை பிறப்பாலேயே வருகிறது என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 ஆகஸ்ட் 11இல். இத்தனை வருடங்கள் எடுத்து வந்து சேர்ந்ததை ஒரு மத்தியானத்தில், காபி ஆறுவதற்குள், எழுதிக் கொடுத்துவிடச் சொல்கிறது அந்தத் தாள். தம்பி கெட்டவன் இல்லை. 'பொண்ணுங்க கேக்கவா போறீங்க' என்று எல்லா வீட்டிலும் சொல்லப்படுவதை அவனும் சொன்னான், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு நான் செய்கிற பொருள்களில் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. அப்பா போனபின் அவள் ஒதுக்கிவைத்த பொட்டு அட்டைகளையும் கண்ணாடி வளையல்களையும் எடுத்துக்கொள்கிறேன் என்றபோது மட்டும், 'ஒனக்கு ஆவும்னா எடுத்துக்க' என்றாள். குளிக்கப் போகுமுன் பொட்டை எடுத்து அவள் பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவைப்பாள். சின்னக் கண்ணாடிக்கு அந்தப் பொட்டு பெரிது. குண்டூசித் தலையில் சாந்தைத் தொட்டு மூன்று புள்ளி வைத்தேன்.

கூரை வேயாத வீட்டைக் கூடத்து மேசையில் வைத்திருந்தபோது அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

'ஏம் பாப்பா, அடுப்பங்கரை இவ்ளோண்டுதானா இருந்துச்சு?'

'அளந்துதாம்மா செஞ்சேன்.'

'திண்ணைய அகலமா வச்சுட்ட.'

'அதுவும் அளந்ததுதான்.'

ஆள்காட்டி விரலை அடுப்பங்கரைக்குள் விட்டுப் பார்த்தாள். அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில் விரல் போகவில்லை. 'இதுக்குள்ளயா மூணு பேரு நின்னோம்' என்றாள். மாமியார், நாத்தனார், அவள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'தம்பி கொண்டாந்தானே ஒரு காயிதம், அதுல இது எங்க இருக்கு?' என்று கேட்டாள்.

எடுத்துக் காட்டினேன். சொத்து விவரத்தில் நான்கு எல்லை இருந்தது. கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி, மின் இணைப்பு எண். அடுப்பங்கரை என்ற சொல் இல்லை. அவள் அங்கே தொடர்ந்து குடியிருக்கலாம் என்ற வரியும் இல்லை.

அடுத்த ஞாயிறு தம்பி வந்தபோது அம்மாதான் சொன்னாள்: 'முழுசா படிச்சுக் காட்டு தம்பி. அப்பறம் பாப்போம்.' அவன் படித்தான். பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். இதுவரை நாங்கள் இருவரும் கையெழுத்துப் போடவில்லை. அவன் முன்போல அடிக்கடி வருவதில்லை. அது எனக்கும் அம்மாவுக்கும் வலிக்கத்தான் செய்கிறது. பாகம் வேண்டும் என்றும் உறவும் வேண்டும் என்றும் ஒரே வாயால் சொல்ல, அண்ணன் தம்பி உள்ள பெண்களுக்கு எந்தப் பழக்கமும் கொடுக்கப்படவில்லை.

வகுப்பில் இந்த வீட்டைக் காட்டியபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, 'எங்க தெருவுல யாரு வீட்டுலயும் திண்ணையே கிடையாது மேடம்' என்றாள். திண்ணைக்கும் அடுப்பங்கரைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசுவதற்கே முதலில் திண்ணை வைத்துக் கட்ட ஓர் இடம் வேண்டும். அந்த இடம் எந்தத் தெருவுக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்து அளக்கச் சொல்கிறாள் அவள். அவர்கள் வீடு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டியது. 360 சதுர அடி. பட்டா அவள் அம்மா பேரில்.

அவளுக்கு என் டேப்பைக் கொடுத்தனுப்பினேன். 20 அங்குலத்துக்கு 18 அங்குலம் அட்டை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். சுவர்கள் நின்றுவிட்டன. சமையல் மேடைக்கு ஏற்ற டப்பா மூடி தேடிக்கொண்டிருக்கிறோம்.