கைபிடி

மாடிப்படி என்பது எம் தீவுப் பகுதியில் எல்லார் வீட்டிலும் காணக்கூடியதன்று. சுருவிலில் எமது வீட்டுக்கு அது வாய்த்தது, பூட்டனார் தென்னிலங்கையில் கடை வைத்து ஈட்டிய பணத்தினால். சுண்ணாம்புக் கற்களைச் சுண்ணச்சாந்திட்டு அடுக்கிக் கட்டிய வீடு. பதினான்கு படிகள், இருபுறமும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட சுவர், நண்பகலிலும் அங்கே மாலைப்பொழுதுதான்.

1990 இல் ஊர் இடம்பெயர்ந்தபோது, அப்பாச்சி வீட்டைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் திரும்பியபோது பூட்டுமில்லை, கதவுமில்லை; கூரைமரமும் ஓடும் போயிருந்தன. சுவர்கள் மட்டும் நின்றன. ஆதலால், படியோரச் சுவரில் ஒரு பகுதியை இடித்துக் கைபிடி அமைப்போம் என்று ஐயா சென்ற ஆண்டு சொன்னபோது, "எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டது இந்தச் சுவர் ஒண்டுதான். அதையும் இடிக்கப் போறியளோ?" என்று அவர் கேட்டதில் வியப்பில்லை.

இடிக்க வேண்டி வந்ததும் அவர் பொருட்டே. மாடி அறையில் நின்று கடலைப் பாராமல் அவருக்கு நாள் விடிவதில்லை. உள்ளங்கையைச் சுவரில் தேய்த்தவாறே ஏறுவார். வெள்ளையடித்த சுவரில் அக்கை சென்ற வழி ஒரு பழுப்புக் கோடாகப் படிந்திருந்தது. சுவர் சாய்வதற்கு உதவும்; பற்றுவதற்கு உதவாது. மார்கழியில் ஒரு விடியற்காலை, கால் வழுக்கிய கணத்தில் விரல்கள் வெறும் சுவரைத்தான் கீறின. மணிக்கட்டு முறிந்தது.

முதலில் நானே ஒரு வைத்தியம் செய்தேன். இரும்புக் குழாயொன்றை வாங்கி, சுவரில் துளையிட்டு, பிளாஸ்டிக் அடைப்பான் செருகி, திருகாணிகளால் பூட்டினேன். கலைப்பீட மாணவன் செய்த வேலையென்று எவரும் நகையாடவில்லை. அப்பாச்சி வாழ்த்தவும் செய்தார். ஒன்பதாம் நாள் நான் இறங்கி வருகையில் அதிற் சற்றே சாய்ந்தேன். குழாய் சாந்தோடும் மணலோடும் கையில் வந்தது. அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. கைபிடி இல்லாத படியில் அவர் அஞ்சி அஞ்சி இறங்குவார். அந்தக் கைபிடியை நம்பியோ முழுப் பாரத்தையும் கொடுத்திருப்பார்.

பின்னர்தான் மேசனார் வந்தார். பழைய கற்சுவர் வெளிக்கு ஒன்றாகத் தோன்றினும், இருமுகமும் நல்ல கல், நடுவிலே சிறுகல்லும் சாந்தும் என்று விளக்கினார். என் திருகாணிகள் பற்றியிருந்தது மேற்பூச்சை மட்டுமே. அன்றியும் எமது உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். துரு இரும்பிலும் அதிக இடம் கொள்வதால், பற்றியிருக்கும் கல்லையே பிளந்துவிடும். ஆகவே துருப்பிடிக்காத உருக்கு வேண்டுமென்றார். பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் அவற்றைச் சுமந்து வந்தவன் நான்.

மேல்தளத்து வளைகள் அச்சுவரில் தங்கவில்லை என்பதைக் கண்ணாற் கண்டபின்பே அவர் உளியெடுத்தார். சம்மட்டியைத் தொடவில்லை. மேலிருந்து வரிவரியாகக் கல்லைக் கழற்றி, முழங்காலளவு சுவரை நிறுத்தி, தளர்ந்த தலைப்பைக் கொங்கிறீற்றால் மூடினார். ஒவ்வொரு தூணுக்கும் சுவரை ஊடுருவத் துளையிட்டு, மறுபுறத்தில் அகன்ற தகடு வைத்துப் போல்ட்டை முடுக்கினார். கல்லைத் திருகாணி பிடிப்பதற்குப் பதிலாக, சுவர் முழுவதும் தகட்டுக்கும் தூணுக்கும் நடுவே அகப்பட்டு நின்றது. குழந்தையின் தலை நுழையாதபடி கம்பிகளுக்கிடையே நான்கு அங்குலத்துக்கும் குறைவாகவே இடைவெளி விட்டார். காற்றில் விழுந்த எங்கள் வளவு வேம்பே மேலே கைபிடியானது. அது கடைசிப் படியோடு நின்றிருந்ததைக் கண்டு, கால் நிலத்தில் ஊன்றும்வரை கையும் பற்றியிருக்க வேண்டுமென, மேலும் ஓரடி நீட்டினார்.

மேசனாரும் ஐயாவும் நானும் சாய்ந்து பார்த்தோம். அப்பாச்சி எங்களை விலக்கிவிட்டு, முறிந்து தேறிய கையாலும் மற்றக் கையாலும் பற்றி உலுப்பினார். பின்பு ஏறினார். விறாந்தையின் வெளிச்சம் முதன்முறையாகப் படிகளில் விழுந்திருந்தது. மறுபுறச் சுவரிலுள்ள பழுப்புக் கோட்டை வெள்ளையடிக்க அவர் இன்னும் இசையவில்லை.

விடுதியிலிருந்து நான் தொலைபேசியில் அழைக்கும்போது, படிப்பைப் பற்றி விசாரிக்குமுன் அவர் சொல்வது இதுதான்: "மேசனார் மாசம் ஒருக்கா ஆட்டிப் பாக்கச் சொன்னவரெல்லே. இண்டைக்கும் பாத்தனான்."