யாரு சொல்லி வந்தீங்க

பவானியில் ஒரு ஜமக்காளக் கடை. வெப்சைட் முகவரியை ஷட்டரில் எழுதியிருக்கிறார்கள். கடை சாத்தியிருக்கும்போது மட்டும் தெரியும்.

கட்டைப்பையிலும் உண்டு. நீல எழுத்து, அடியில் கோடு. பைக்கு எதற்கு அடிக்கோடு? லிங்க் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அச்சகத்துக்காரர் முடிவு செய்திருக்கிறார்.

கடைக்காரர் கேட்டது: "ஏனுங் தம்பி, கூகுள்ல நம்ம கடை மேல வரோணும்னா யாருக்குப் பணம் கட்டோணும்?"

யாருக்கு.

*

காலையில் ஒரு மெயில். "அன்புள்ள , உங்கள் அருமையான தளத்தைப் பார்த்து வியந்தேன்."

'அன்புள்ள'வுக்கும் காற்புள்ளிக்கும் நடுவே காலி இடம். பெயரை நிரப்ப வேண்டிய மென்பொருளுக்குப் பெயர் கிடைக்கவில்லை. வியப்பு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

கீழே விலைப்பட்டியல். டிஏ 30 உள்ள தளத்தில் ஒரு லிங்க் இவ்வளவு. 50 என்றால் இவ்வளவு. சூதாட்டத் தளத்துக்கு இரட்டிப்பு. ஜமக்காளத்துக்குச் சாதா ரேட்.

டிஏ என்பது மோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் போடும் மார்க். நூற்றுக்கு. தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள்காரர்கள் பலமுறை சொல்லியாயிற்று. லிங்க் விலை அதை வைத்துத்தான் ஏறி இறங்குகிறது.

முன்பு கூகுளே மார்க் காட்டியது. 2000 டிசம்பரில் வந்த டூல்பார். அதில் ஒரு பச்சைக் கோடு, பத்துக்கு இத்தனை என்று. கோட்டின் நீளத்தைக் காட்டி லிங்க் விற்றார்கள். 2016-ல் கோட்டை எடுத்துவிட்டார்கள். சந்தை அங்கேயேதான் இருக்கிறது.

*

1998. ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் லாரி பேஜ், செர்கே பிரின் எழுதிய கட்டுரை. ஆய்வாளர்கள் ஒருவர் கட்டுரையை இன்னொருவர் மேற்கோள் காட்டுவார்கள் அல்லவா, அதை இணையப் பக்கங்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கத்தை எத்தனை பேர் கைகாட்டுகிறார்கள். கைகாட்டுகிறவர்களை எத்தனை பேர் கைகாட்டுகிறார்கள்.

அப்போது கையில் இருந்தது 2.4 கோடிப் பக்கங்கள். அதற்கு முன்பே வட்டுகளை அடுக்கி வைக்க லெகோ கட்டைகளால் ஒரு பெட்டி செய்திருந்தார்கள்.

கட்டுரையின் பின்னிணைப்பில் ஒரு கருத்து: விளம்பரப் பணத்தில் ஓடும் தேடுபொறி விளம்பரம் கொடுப்பவர் பக்கமே சாயும். எழுதியது அவர்களேதான்.

காப்புரிமை பல்கலைக்கழகத்துக்கு. அதற்கு ஈடாகக் கிடைத்த கூகுள் பங்குகளைப் பல்கலைக்கழகம் 2005-ல் விற்று முடித்தது. 33.6 கோடி டாலர்.

*

கடை சைட்டில் 'நண்பர்கள்' என்று ஒரு பக்கம். எனக்கு முன்பு சைட்டைப் பார்த்துக்கொண்ட ஆள் போட்டது. ஒரு ஜோசியர், ஒரு போர்வெல், கோயம்புத்தூரில் ஒரு பல் ஆஸ்பத்திரி. நீ என்னைப் போடு, நான் உன்னைப் போடுகிறேன்.

பல் ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். இங்கே இன்னும் நண்பர்.

1990களின் நடுவில் வெப்ரிங் என்று ஒன்று வந்தது. ஒரே ஆர்வம் உள்ள தளங்கள் வட்டமாகக் கைகோத்துக்கொள்ளும். 'அடுத்தது' என்பதை அழுத்திக்கொண்டே போனால் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம். நடுவில் ஒரு தளம் செத்திருந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

*

2005. இங்கிலாந்து. அலெக்ஸ் டியூ, வயது 21. படிப்புச் செலவுக்குப் பணம் வேண்டும். ஒரே ஒரு வெப் பக்கம், பத்து லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு ஒரு டாலர். குறைந்தது நூறு புள்ளி வாங்க வேண்டும். வாங்கியவரின் படம், படத்துக்குள் லிங்க். கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும்.

கடைசி ஆயிரம் புள்ளி ஈபே ஏலத்தில் 38,100 டாலருக்குப் போனது. மொத்தம் 10,37,100.

2017-ல் ஹார்வர்டு சட்டப் பள்ளி நூலகத்துக்காரர்கள் எண்ணிப் பார்த்தார்கள். 2,816 லிங்க். 547 திறக்கவில்லை. 489 வேறெங்கோ கொண்டுபோய் விட்டன.

பக்கம் பார்வைக்கு அப்படியே இருக்கிறது. ஒரு கட்டம்கூட மங்கவில்லை.

*

கடைக்கு உண்மையில் யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள்? கூகுள் சர்ச் கன்சோலில் பட்டியல் எடுத்தேன்.

எதற்கென்றே தெரியாத ரஷ்யத் தளங்கள். அவற்றைத் தள்ளினால் கேரளத்தில் ஒரு யோகா ஆசிரியர். கட்டடக்கலை படிக்கும் மாணவி ஒருவரின் புராஜெக்ட் பக்கம். டொராண்டோவில் ஒருவர், பாட்டி வீட்டுத் திண்ணையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மூவரும் கைகாட்டுவது ஒரே பக்கத்தை. 'ஜமக்காளம் துவைப்பது எப்படி.'

'எங்களைப் பற்றி' பக்கத்துக்கு ஒருவரும் இல்லை. 'ஆடித் தள்ளுபடி' பக்கத்துக்கும் இல்லை.

துவைக்கும் பக்கம் கடைக்காரரின் மனைவி சொல்லச் சொல்ல எழுதியது. பச்சைத் தண்ணியில அலசுங்க. முறுக்கிப் பிழியாதீங்க. நிழல்ல காயப்போடுங்க. முதல் தடவ சாயம் போகும், பயந்துக்காதீங்க.

'பயந்துக்காதீங்க' வேண்டாம் என்றார் கடைக்காரர். மனைவி விடவில்லை.

*

1900. பிரான்ஸ். மிஷெலின் டயர் கம்பெனி ஒரு புத்தகம் போட்டது. 35,000 பிரதி, இலவசம். நாட்டில் அத்தனை கார்களே கிடையாது. டயர் மாற்றுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், ராத்திரி எங்கே தங்கலாம்.

1920-லிருந்து விலை. எங்கோ ஒரு டயர் கடையில் அந்தப் புத்தகத்தை மேசைக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்ததைப் பார்த்த பிறகாம். கம்பெனி சொல்லும் கதை.

1895. அமெரிக்கா. ஏர்க்கலப்பை விற்ற ஜான் டீர், விவசாயிகளுக்கு 'தி ஃபர்ரோ' என்று ஒரு பத்திரிகை தொடங்கியது. இன்னும் வருகிறது.

சிவகாசி. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வந்துவிடும். நம் வீட்டுச் சுவரில் தொங்குவது ராகு காலமும் எமகண்டமும் கரிநாளும். மேலே கடைப் பேர். பேருக்காக யாரும் ஆணி அடிப்பதில்லை.

கடைக் காலண்டரில் சைட் முகவரி இல்லை. இடம் போதவில்லையாம். முருகனின் வேல் நீளம்.

*

வாட்ஸ்அப்பில் லிங்க் போட்டால் படம் வர வேண்டும். வரவில்லை. சாம்பல் பெட்டிக்குள் வெறும் முகவரி.

கடைக்காரரின் அக்கா மகன் குடும்ப குரூப்பில் எழுதியது: "மாமா, யாரும் தொடாதீங்க, பேங்க் ஃபிராடு மாதிரி தெரியுது."

படத்தைக் கொண்டுவருவது பக்கத்துக்குள் மறைவாக இருக்கும் சில வரிகள். ஓப்பன் கிராஃப். ஃபேஸ்புக் 2010-ல் கொண்டுவந்தது. சேர்த்தேன். படம் வந்தது. சதுரமாக வெட்டி, ஜமக்காளத்தின் நடுப்பட்டைகளை மட்டும் காட்டியது.

அதே பையன்: "எந்த நாட்டுக் கொடி மாமா?"

2018-ல் இந்தியாவில் ஃபார்வர்டுக்கு வரம்பு வந்தது. ஒரு தடவையில் ஐந்து சாட்டுக்குத்தான். வதந்தியை நம்பி ஊர் ஊராக ஆட்களை அடித்துக் கொன்ற பிறகு. துவைக்கும் பக்கத்துக்கும் அதே ஐந்து.

வாட்ஸ்அப் வழியாக வந்தவர்கள் பெரும்பாலும் கணக்கில் 'நேரடி' என்று விழுகிறார்கள். யாரும் சொல்லாமல் தானாக வந்தவர்களாம்.

*

கடைக்காரரின் கணக்கு வேறு. புது ஆள் யார் வந்தாலும் தண்ணீர் சொம்பை நீட்டிவிட்டு ஒரே கேள்வி. "யாரு சொல்லி வந்தீங்க?"

பதிலை பில் புக்கின் அடிக்கட்டையில் பென்சிலால் குறித்துவைக்கிறார். 'அந்தியூர் டீச்சர்'. 'மண்டபம் மேனேஜர்'. 'செல்போன்'.

'செல்போன்' என்றால் எல்லாமும் அடக்கம். கூகுள், இன்ஸ்டாகிராம், போன் பண்ணிச் சொன்ன மச்சான்.

*

2005 ஜனவரி. கூகுளும் யாஹூவும் எம்எஸ்என்னும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஒரு சின்னக் குறி. நோஃபாலோ. லிங்கில் அது இருந்தால் வழி உண்டு, சிபாரிசு இல்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து வெளியே போகும் லிங்க்குகள் 2007-லிருந்து அப்படித்தான். ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

2019-ல் இன்னும் இரண்டு குறி. வாசகர் போட்ட லிங்க்குக்கு ஒன்று, காசு வாங்கிப் போட்டதற்கு ஒன்று. காசு வாங்கியவரே தன் கையால் போட வேண்டும்.

*

2013 பிப்ரவரி. இன்டர்ஃப்ளோரா, பிரிட்டனில் பூ அனுப்புகிறவர்கள். வட்டாரப் பத்திரிகைகளில் கட்டுரை வேஷத்தில் விளம்பரங்கள், உள்ளே லிங்க். காதலர் தினம் முடிந்த அடுத்த வாரம் கூகுளில் காணோம். சொந்தப் பெயரைப் போட்டுத் தேடினாலும் காணோம்.

அங்கே அந்த வருஷம் அன்னையர் தினம் மார்ச்சில். அதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். 11 நாள்.

பெரிய கடை, செய்தியானது. சின்னக் கடை காணாமல் போனால், "இந்த மாசம் யாவாரம் மந்தமுங்க."

அதற்கு முன்பே, 2012 ஏப்ரலில், கூகுளில் பென்குவின் என்று ஒரு மாற்றம். வாங்கிப் போட்ட லிங்க்கெல்லாம் வினையானது. எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சி மெயில்கள் பறந்தன. சில டைரக்டரிக்காரர்கள் எடுப்பதற்கும் கட்டணம் கேட்டார்கள்.

போட ஒரு ரேட். எடுக்க ஒரு ரேட்.

2010. புரூக்ளினில் இணையம் வழியே மூக்குக்கண்ணாடி விற்ற ஒருவர். வாடிக்கையாளரை மிரட்டுவார். திட்டி எழுதினாலும் லிங்க்தானே, எழுதட்டும், நான் மேலே போவேன் என்று நியூயார்க் டைம்ஸிடம் பெருமையாகச் சொன்னார். நவம்பர் கடைசியில் செய்தி. டிசம்பர் 1-ம் தேதி கணக்கை மாற்றிவிட்டோம் என்றது கூகுள். அவர் பிறகு சிறைக்குப் போனார்.

*

மறுபடி மெயில். கெஸ்ட் போஸ்ட், அதாவது நம் சைட்டில் போட ஒரு கட்டுரை, இலவசமாக எழுதித் தருகிறார்களாம். தலைப்பு: 'உங்கள் கார்ப்பெட்டுக்கு ஏற்ற வேக்யூம் கிளீனர்'.

வேக்யூமை ஜமக்காளத்தில் வைத்துப் பார்த்தோம். ஜமக்காளமே எழுந்து வருகிறது.

கூகுளில் ஸ்பேம் தடுக்கும் பிரிவைப் பார்த்துக்கொண்ட மேட் கட்ஸ், லிங்க்குக்காக கெஸ்ட் போஸ்ட் எழுதும் காலம் முடிந்தது என்று எழுதினார். 2014 ஜனவரி.

*

இன்னொரு ஊரில் ஒரு விற்பனைத் தளம். கடையின் போட்டோவை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். மூலையில் கடைக்காரரின் கட்டைவிரல். விரலோடு விற்பனை. லிங்க் இல்லை.

கைத்தறிக்கென்று ஒதுக்கிய பொருள்கள் 11. சட்டம் 1985-ல் வந்தது. ஜமக்காளமும் அதில் உண்டு. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. விசைத்தறியில் ஓட்டி, பவானி என்று சொல்லி விற்பதும் உண்டு.

கைத்தறியா விசைத்தறியா, கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு பக்கம் போடலாம். நெசவாளர் ஒருவரைக் கேட்டோம்.

"தொட்டுப் பாருங்க, தெரியும்."

இதை எப்படிப் பக்கமாக்குவது.

*

மேப்பில் ரிவ்யூ. காசோ சலுகையோ கொடுத்து எழுத வைக்கக் கூடாது என்பது கூகுள் விதி. பக்கத்துத் தெருக் கடையில் ஐந்து ஸ்டாருக்கு ஒரு தலையணை உறை. ரிவ்யூ எல்லாம் 'நல்ல தரம், நல்ல சேவை'. தலையணை உறை எப்படி என்று ஒருவரும் எழுதவில்லை.

இந்தக் கடைக்கு ஒரு மூன்று ஸ்டார்: 'சாமான் நல்லா இருக்கு. பார்க்கிங் இல்ல. எதிர்ல வேப்பமரத்தடியில நிறுத்துங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.'

வருகிறவர்கள் வேப்பமரத்தடியில் நிறுத்துகிறார்கள்.

*

2009. அமெரிக்காவின் வர்ஜீனியா. மார்கஸ் ஷெரிடன், வீடுகளுக்கு நீச்சல் குளம் போட்டுக் கொடுக்கும் கம்பெனி. நாடே மந்தத்தில். கம்பெனி மூழ்கும் நிலை. வாடிக்கையாளர்கள் வாய்விட்டுக் கேட்ட கேள்விகளை அப்படியே தலைப்பாக வைத்து, ராத்திரியில் உட்கார்ந்து பதில் எழுதிப் போட்டார். குளத்துக்கு எவ்வளவு ஆகும்? அந்தத் தொழிலில் யாரும் சைட்டில் விலை பேசுவதில்லை. அவர் பேசினார்.

வட்டாரத்தில் நல்ல குளம் போடுகிறவர்கள் யார் யார் என்றும் ஒரு பட்டியல் போட்டார். அதில் தன் கம்பெனியைச் சேர்க்கவில்லை.

கடைக்காரரிடம் சொன்னேன். விலை போடலாமாங்ணா?

"விலயப் போட்டா எதிர்க்கடைக்காரரு பாத்துருவாருங்க தம்பி."

எதிர்க்கடைக்காரர் மத்தியானம் இங்கேதான் டீ குடிக்கிறார்.

*

போனில் அடிக்கடி வரும் கேள்வி: "எட்டுக்குப் பத்துல எத்தன பேரு உக்காரலாமுங்க?"

கடைக்காரர் சலிக்காமல் சொல்கிறார். பந்திக்கு உட்கார்ந்தால் ஒரு கணக்கு, இலைக்கு இடம் விட வேண்டும். பஜனைக்கு ஒரு கணக்கு. எழவு வீட்டுக்கு வேறு கணக்கு, அங்கே நெருங்கித்தான் உட்காருவார்கள். குழந்தைகள் இருந்தால் ரெண்டு சேர்த்துக்கொள்ளலாம்.

சைட்டில் போட்டிருப்பது: அளவு 244 x 305 செ.மீ.