பனிச்சரிவு புகட்டும் பாடம்

"தேர்வு எழுதப் போகும் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?" பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த நாள் முதல் நான் கேட்டு வரும் கேள்வி இது. இதற்கு விடை தேடிய என் மனம், நான் கண்டே இராத பனி நாடுகளுக்குச் சென்றது.

குளிர்கால ஒலிம்பிக்கில் பனிக்கட்டிப் பாதையில் வழுக்கிச் செல்லும் விளையாட்டுகள் மூன்று உண்டு. லூஜில் வீரர் மல்லாந்து படுத்துக் கால் முன்னே நீட்டிச் செல்கிறார். ஸ்கெலிட்டனில் குப்புறப் படுத்துத் தலை முன்னே செல்கிறார். பாப்ஸ்லெட்டில் வண்டிக்குள் அமர்ந்து செல்கின்றனர். வேகமோ மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும். "படுத்துக்கொண்டு போவதற்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று நமக்குத் தோன்றலாம்.

வளைவில்தான் உண்மை விளங்கும். பேருந்து சட்டென்று திரும்பினால் நாம் ஒரு பக்கமாகச் சாய்கிறோம் அல்லவா? அதே வளைவில் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். பனிப்பாதையின் வளைவுகளில் அது புவியீர்ப்பைப் போல் ஐந்து மடங்கு வரை எட்டுகிறது. ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலை அந்நொடியில் 25 கிலோவாகக் கனக்கும். ஒரு சிப்பம் அரிசியைக் கழுத்து தாங்குவது போலாகும்! கழுத்து தளர்ந்தால் லூஜ் வீரரின் தலை பின்னே சாயும். ஸ்கெலிட்டன் வீராங்கனையின் முகவாய் பனியை உரசும்.

அமர்ந்து செல்லும் போர் விமானிக்கு இவ்விசையால் இரத்தம் கால் பக்கம் இறங்கிக் கண் இருண்டு போவதுண்டு. மல்லாந்து கிடப்பவருக்கு விசை மார்பிலிருந்து முதுகை நோக்கி அழுத்துவதால் அந்த ஆபத்து குறைவு. ஆயினும் அழுத்தமும் அதிர்வும் உடலை வருத்தவே செய்யும். ஆகவே கழுத்து, தோள், வயிற்றுத் தசைகளுக்கு அவர்கள் விடாமல் பயிற்சி தருகின்றனர். புதியவர்களை உச்சியிலிருந்து விடுவதில்லை. பாதையின் கீழ்ப்பகுதியில் தொடங்கிப் படிப்படியாக மேலே ஏற்றுகின்றனர்.

நம் நாட்டின் சிவ கேசவன் 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் லூஜ் ஓட்டியபோது அவருக்கு வயது 16. 2018 வரை ஆறு ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டார். பனிப்பாதை இல்லாத குறையைப் போக்க, வண்டிக்குச் சக்கரம் பூட்டி இமயமலைச் சாலைகளில் பழகியவர் அவர். பிரிட்டனின் லிஸ்ஸி யார்னால்டு முதலில் தடகள வீராங்கனை. அந்த ஓட்டமே அவருக்கு அடித்தளமாகி, 2014, 2018 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் ஸ்கெலிட்டனில் தங்கம் வென்று தந்தது. "பெண் பிள்ளை இனி ஓடியாட வேண்டாம்" என்று அவரை யாரேனும் தடுத்திருந்தால்?

தோழியரே, நாம் பனியில் சறுக்கப் போவதில்லை. ஆனால் இரவு பத்து மணிக்குப் புத்தகத்தின் மேல் கவிழும் நம் கழுத்துக்கும், மூன்று மணி நேரம் நிமிர்ந்து அமர்ந்து தேர்வு எழுத வேண்டிய முதுகுக்கும் உரம் வேண்டும். அது தேர்வுக்கு முந்திய நாள் திடீரென வந்துவிடாது. இறைவன் தந்த உடலைப் பேணுவதும் அவருக்கு நாம் செலுத்தும் நன்றியே.

ஆகையால் அருட்சகோதரிகளிடமும் ஆசிரியைகளிடமும் பெற்றோரிடமும் பணிவோடு ஒன்று வேண்டுகிறேன். கணக்கும் அறிவியலும் நாங்கள் கட்டாயம் படிக்கிறோம். வாரத்தில் வரும் அந்த உடற்பயிற்சி வகுப்பை மட்டும் எங்களுக்கே விட்டுவிடுங்கள்.