வான்வழியே திருகோணமலை: எந்தப் பக்கத்து யன்னல்?

ஆகாய விமானத்தில் யன்னலோர ஆசனம் கிடைத்தாற் போதும் என்று மகிழ்வோர் பலர். எந்தப் பக்கத்து யன்னல் என்று சிந்திப்போர் மிகச் சிலரே. இறக்கை, ஞாயிறு, காற்று ஆகிய மூன்றையும் ஒருவாறு அறிந்துகொண்டால் இவ்வினாவிற்கு விடை எளிதிற் கிடைக்கும். கட்டுநாயக்காவிலிருந்து திருகோணமலைச் சீனக்குடாவிற்குச் சிறு விமானத்திற் செல்லும் வழியை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது இறக்கை. பெரிய விமானங்களில் இறக்கை யன்னலுக்குக் கீழே அமைந்திருக்கும். அதனருகே அமர்ந்தவர் நிலத்தையன்றி உலோகத் தகட்டையே காண்பர். இறக்கைக்குப் பின்னே அமர்ந்தால் இயந்திரத்தின் வெப்பக் காற்றினாற் காட்சி கலங்கித் தோன்றும். ஆதலின் முன்னே அமர்தல் நன்று. செஸ்னா காரவன் போன்ற சிறு விமானங்களிலோ இறக்கை தலைக்கு மேலே இருப்பதால், தரை தடையின்றித் தெரியும். ஆயினும் பாரத்தைச் சமன்செய்யும் பொருட்டு விமானியே இடம் குறிப்பதும் உண்டு.

இரண்டாவது ஞாயிறு. நமது வழி வடகிழக்கு நோக்கி ஏறக்குறைய 200 கிலோமீற்றர் செல்வது. நேர்வழியிற் பறந்தால் மலைநாடும், தம்புள்ளையும், சீகிரியாக் குன்றும், மின்னேரியாக் குளமும் வலப்புறத்தே அமையும். கலாவாவி இடப்புறத்தே அமையும். காலையில் வலப்புறம் அமர்ந்தோர்க்கு எதிர்வெயிலாற் கண் கூசும். பிற்பகலிலோ ஒளி மேற்கிலிருந்து வீழ்ந்து அதே காட்சிகளைத் துலக்கிக் காட்டும். ஆதலாற் பிற்பகற் பயணத்திற்கு வலப்புறமே சிறந்தது.

மூன்றாவது காற்று. விமானம் காற்றை எதிர்நோக்கியே தரையிறங்கும். சீனக்குடாவின் ஓடுபாதை தென்மேற்கு வடகிழக்காகக் கிடக்கின்றது. வாடைக் காலத்திற் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து நேரே இறங்கிவிடுவர். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களிலோ கடற்புறமாக வளைந்து வந்து இறங்குதல் கூடும். அவ்வாறு வருங்கால் பிரெடெரிக் கோட்டையும் கோணேசர் ஆலயமும் வலப்புறத்தே நிற்கும். உட்துறைமுகத்தின் நீலப்பரப்பு இடப்புறத்தே விரியும். ஒருவரே இரண்டையும் நன்கு காணல் அரிது. குடும்பமாகச் செல்வோர் இருபுறமும் பிரிந்தமர்ந்து, இறங்கியபின் கண்டதைச் சொல்லிப் பகிர்ந்துகொள்ளலாமே!

ஆனால், காட்சியின் பயன் ஆசனத்தினால் மட்டும் வருவதன்று. காண்பவர் உள்ளத்தைப் பொறுத்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின் மேல் வந்தன. நாம் இன்று வியந்து நோக்கும் குடாவையே அவ்விமானிகளும் மேலிருந்து நோக்கினர். அவர்களது கண்கள் தேடியவை கப்பல்களும் விமானத் தளமும் எண்ணெய்த் தாங்கிகளுமே. ஆங்கிலேயர் அமைத்த அத்தாங்கிகளுள் 99 இன்றும் எஞ்சி நிற்கின்றன. குன்றுகள் சூழ்ந்த ஆழ்ந்த நீர் என்னும் இவ்வூரின் அழகே இவ்வூருக்குப் பகைவரையும் அழைத்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என எத்தனை பேர் இதனை விரும்பினர்! விரும்பியவரெல்லாம் கைப்பற்றவே விரும்பினர். பழைய கோணேசர் ஆலயமும் 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயராற் சிதைந்தது. கைப்பற்றும் எண்ணமின்றி இதனை வானிலிருந்து காணும் பேறு நம்போன்றோர்க்கு அண்மையில் வாய்த்ததே, அதனை வீணாக்கலாமா?

திருஞானசம்பந்தர் இராமேச்சரத்தில் நின்றவாறே, கடலுக்கு அப்பாலுள்ள கோணமாமலையைப் பாடினார் என்பது பெரியபுராண மரபு. கண்ணுக்கு முன்னே கருத்துச் சென்றுவிட்டது. நாமும் பயணத்திற்கு முதல்நாள் இரவு பிள்ளைகளை அருகிருத்தித் தேசப்படத்தை விரிப்போமாக. குளங்களின் பெயரையும் குடாக்களின் பெயரையும் அவர்களே விரலாற் காட்டிச் சொல்லட்டும். பெயரறிந்த பிள்ளைக்கு எந்தப் பக்கத்து யன்னலும் நல்ல யன்னலே. அறியாதார்க்கு எல்லாம் வெறும் பச்சையும் நீலமுமாகவே கழிந்துபோம்.