டிக்டிக்கா, டக்டக்கா?

திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழ்த்தட்டில்தான் அந்தச் சத்தம் முதலில் காதில் விழுந்தது. 1973-இல் திறந்த பாலம். பஸ்ஸும் லாரியும் மேலே போக, சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் கீழே போகும். தலைக்கு மேல் காங்கிரீட் இருப்பதால் நம் வண்டி போடுகிற சத்தம் நமக்கே திரும்பி வரும். வெட்டவெளியில் காற்று தின்றுவிடுகிற சத்தம்கூட அங்கே தப்பிக்க முடியாது. டிக், டிக், டிக். ஆக்சிலேட்டரைத் திருகினால் டிக்டிக்டிக்.

பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி, பாபநாசத்தில் தாமிரபரணியில் ஒரு குளியல் போட்டுவிட்டு மதியத்துக்குள் திரும்புவதாகத் திட்டம். போகிற வழியில் டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூடச் சொல்லவில்லை. “இஞ்சின் இறக்கணும் சார். பன்னிரண்டாயிரம் ஆகும்” என்றார். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆபரேஷனுக்குத் தேதி குறித்தது மாதிரி இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவினேன். துணிச்சல் பாதி, கஞ்சத்தனம் பாதி.

வண்டியில் சத்தம் வந்தவனுக்கு ஊர் கண்ணில் படாது. பேட்டை தாண்டி, சேரன்மகாதேவி ரோட்டில் பிசான நெல் பச்சைப் பசேலென்று நிற்கிறது, மேற்கே பொதிகை மலை நீலமாக எழும்புகிறது. எனக்கு ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் பிஸ்டன், டைமிங் செயின், கனெக்டிங் ராடு. தெரிந்த நோயெல்லாம் தனக்கு இருப்பதாக நினைக்கும் மருத்துவக் கல்லூரி மாணவனின் நிலைமை. கடைசியில், வால்வைத் தட்டித் திறக்கிற டேப்பட்தான் என்று முடிவு கட்டினேன். காரணமும் கைவசம் இருந்தது. நாலு ஸ்ட்ரோக் இஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். அதனால் டேப்பட் தட்டுகிற சத்தம் இஞ்சின் வேகத்தில் பாதியாகத்தான் கேட்கும். என் டிக்டிக்கும் அப்படித்தான் நிதானமாக இருந்தது.

காருகுறிச்சியில் டீக்காக நிறுத்தினேன். நாதஸ்வரம் அருணாசலத்தின் ஊர். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ஜானகியின் குரலோடு இழைகிற அந்த நாதஸ்வரத்தைக் கேட்டவர்களுக்கு ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும். மண்பாண்டத்துக்கும் பேர்போன ஊர். டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு அம்மா பானை வாங்கிக்கொண்டிருந்தாள். எடுத்த பானையைக் கண்ணால் பார்க்கவேயில்லை. இடது கையில் ஏந்தி, வலது கை விரல் முட்டியால் ஒரு தட்டு. ‘ணங்’ என்றால் கீழே வைத்து விலை கேட்டாள். ஒன்று மட்டும் ‘சொத்’ என்றது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. “கீறல் விட்டுருக்கு” என்று தள்ளி வைத்துவிட்டாள். கடைக்காரரும் மறுத்துப் பேசவில்லை.

கல்லிடைக்குறிச்சிக்குள் நுழையும்போது ஒரு வேப்பமரத்தடியில் மெக்கானிக் கடை தென்பட்டது. தகரக் கூரை, கிரீஸ் ஊறிக் கறுத்த மண். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும்.

“அண்ணாச்சி, டேப்பட் சத்தம் வருது. கொஞ்சம் பாக்கணும்.”

“டேப்பட்டுன்னு நீங்களே சொல்லிட்டிய. பெறவு நான் எதுக்கு? சத்தம் எப்படி வருதுன்னு மட்டும் சொல்லுங்க தம்பி. டிக்டிக்கா, டக்டக்கா, கடகடன்னா?”

யோசித்துப் பார்த்தால் இதைவிட நல்ல கேள்வி இருக்க முடியாது. டிக்டிக் என்றால் மேலே, இஞ்சின் ஹெட் பக்கம். கனமாக டக்டக் என்றால் கீழே, கிராங்க் பக்கம். அதற்குத்தான் பயப்பட வேண்டும். கடகட என்றால் டைமிங் செயின். தகரத்தில் கல்லைக் குலுக்குவது போலச் சலசலத்தால், டாப் கியரிலேயே மேடு ஏற்றி இஞ்சினைத் திணறவிடுகிறோம் என்று அர்த்தம். இலக்கண வகுப்பில் இரட்டைக்கிளவி என்று மனப்பாடம் செய்ததற்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பதை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

“டிக்டிக்.”

“காலைல ஸ்டார்ட் பண்ணுனதும் கூடவா, சூடானதும் கூடவா?”

“காலைல கூட. சூடானா கொஞ்சம் அடங்கும்.”

“ஏத்தத்துல?”

“கூடும்.”

“ஆக்சிலேட்டரை விட்டா?”

அதை நான் கவனித்ததே இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு அவரே அம்பாசமுத்திரம் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். “விட்டா சுத்தமா காணோம். டேப்பட் சத்தம் ஏத்தம் இறக்கம் பாக்காதுல்லா.”

ஆனாலும் விட்டுவிடவில்லை. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஹெட்டில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு என் காதிலும் வைத்தார். உள்ளே வால்வுகள் சீராக, தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. அங்கே என் டிக்டிக் இல்லை.

“ஏலே, அந்த ஈரத்துணிய எடு” என்று பையனிடம் சொன்னார். துணியை நாலாக மடித்து, சைலன்சரின் வாயை ஒரு நொடி அழுத்தி மூடினார். டிக்டிக் சட்டென்று பெரிதாகி, புஸ்புஸ் என்றது. பின்னால் அல்ல, முன்னால், சைலன்சர் பைப் இஞ்சினோடு சேருகிற இடத்தில். குனிந்து பார்த்தால் அங்கே சாம்பல் பூசினாற்போல் கரி.

புகை கசிவுதான். நாலு ஸ்ட்ரோக்கில் புகையும் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தானே வெளியேறுகிறது! அதனால்தான் டேப்பட்டின் அதே தாளத்தில் தட்டி என்னை ஏமாற்றியிருக்கிறது. மேடு ஏறும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது, சத்தமும் கூடுகிறது. இரும்பு சூடேறி விரிந்தால் இடைவெளி குறைந்து சத்தம் அடங்குகிறது. என் கணக்கு சரிதான், அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம்தான் தப்பு.

“சைலன்சரை எப்பக் கழட்டுனிய?”

போன மாதம், துரு பிடித்த இடத்தில் வெல்டிங் வைக்க. அந்த இணைப்பில் ஒரு ரிங் உண்டு. ஒருமுறை இறுக்கினால் நசுங்கி அந்த இடத்துக்கென்றே படிந்துவிடும். கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். வெல்டிங் கடைக்காரர் அன்றைக்கே கேட்டார். பழையதே போதும் என்று சொன்னது நான். இதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்.

இஞ்சின் ஆறுவதற்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். சூட்டோடு திருகினால் ஸ்டட் முறிந்துவிடுமாம். பையன் சைக்கிளில் போய் ரிங் வாங்கி வந்தான், முப்பது ரூபாய். போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். கூலி நூறு.

“இந்தச் சத்தம் போயிட்டா, இதுக்கு அடியில கெடந்ததெல்லாம் கேக்கும். பயந்திராதிய.”

அம்பாசமுத்திரம் தாண்டியதும் மலை கிட்டே வந்துவிட்டது. விக்கிரமசிங்கபுரத்தில் மில்லையொட்டிய நீண்ட சுவரோரம் போகும்போது, பாலத்தடியில் கேட்ட மாதிரியே சத்தம் திரும்பி வந்தது. டிக்டிக் இல்லை. அதற்குப் பதிலாக, எங்கோ கீழே, சளசள.

கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விட்டேன். இஞ்சின் அடங்கியது, சளசள அடங்கவில்லை. வண்டி உருண்டு வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தது. அப்படியானால் இஞ்சினில் இல்லை. செயின். எண்ணெய் போட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். கிளட்சை விட்டு, கோயில் படித்துறைப் பக்கம் திரும்பினேன்.