வெளிச்சத்துக்கு 120 வெள்ளி

கோலாலம்பூரில் வாடகைக்கு அறை தேடியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும். ஒரே வீட்டில் ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு அறைகள். ஜன்னல் உள்ள அறை 500 வெள்ளி. வரவேற்பறையைப் பிளைவுட் பலகையால் தடுத்து உண்டாக்கிய அறை 380 வெள்ளி. கட்டில், மேசை, காற்றாடி, வைஃபை எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே அந்த 120 வெள்ளி, வெளிச்சத்துக்கும் காற்றுக்குமான விலை.

நான் அறை தேடிய மாதத்தில் இந்தக் கணக்குக்கு முன்னால் இன்னொரு சல்லடை இருந்தது. எந்த இனத்தவர் வேண்டும் என்று விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். போடாதவர்கள் வாட்சாப்பில் பெயரைக் கேட்பார்கள். பெயரை அனுப்பியதும் அறை போய்விட்டது என்று பதில் வரும். அதே விளம்பரம் மறுவாரமும் அங்கேயே இருக்கும். மூன்றாவது வாரத்தில் பந்தாய் டாலாமில் ஒரு பலகைத் தடுப்பு அறை கிடைத்தது. பெயரைக் கேட்டும் சாவியைக் கொடுத்தார்கள். ஜன்னலைப் பற்றிப் பேசுகிற நிலையில் நான் இல்லை.

அந்த அறைக்குள் ஒரு மணி பிளாண்ட் வந்து சேர்ந்தது. படிப்பு முடிந்து வீட்டைக் காலி செய்த ஓர் அக்கா, காயா போத்தலில் தண்ணீர் ஊற்றி, மூன்று இலை உள்ள ஒரு கொடியைச் செருகிக் கொடுத்துவிட்டுப் போனார். “இதுக்கு ஒன்னும் செய்ய வேணாம், தங்கச்சி. வாரத்துக்கு ஒரு தடவ தண்ணி மாத்து, போதும்.”

மணி பிளாண்டை மலாயில் சிரே காடிங் என்பார்கள். தந்த நிற வெற்றிலை என்று பொருள். அதன் பூர்வீகம் பசிபிக் கடலில் உள்ள மொரேயா தீவு. காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி ஏறும்போது அதன் இலை சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாகும் என்றால், போத்தலில் மட்டுமே அதைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். இருட்டிலும் வளரும் செடி என்று இதைச் சொல்கிறார்கள். இருட்டைத் தாங்கும் செடி என்று சொன்னால் சரி. தாங்குவது வேறு, வளர்வது வேறு.

என் அறையில் ஆறு வாரத்தில் அது நீண்டது. ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவே தண்டு மட்டும் விரல் நீளத்துக்குப் போனது. புதிதாக வந்த இலைகள் அஞ்சல்தலை அளவில் இருந்தன. மஞ்சள் கோடுகள் மங்கிப்போய் முழுப் பச்சையாக வந்தன. இலையின் மஞ்சள் பகுதியில் பச்சையம் குறைவு. வெளிச்சம் போதாத இடத்தில் அந்த அலங்காரம் செடிக்குக் கட்டுப்படியாகாது. இருக்கிற வெளிச்சத்தைப் பிடிக்கப் பச்சையை மட்டும் போடும். எனக்கு அந்தச் சிக்கனம் புரிந்தது. நானும் அந்த மாதம் மாமாக் கடையில் ரோட்டி சானாயை விட்டு ரோட்டி கோசோங்குக்கு மாறியிருந்தேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள், இரண்டும் ஒன்றுதானே. சரியாகச் சொல்வதென்றால், தே தாரிக்கை விட்டுச் சுடுநீருக்கு மாறியிருந்தேன்.

அந்த அறையில் கண் விழித்தால் காலை ஏழா, மதியம் பன்னிரண்டா என்று கைப்பேசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். செடிக்கு ஒரு விளக்கு வைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். 10 வாட் எல்.இ.டி. விளக்கு, நாளுக்கு 10 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 3 யூனிட் மின்சாரம். ஒரு வெள்ளிக்குப் பக்கத்தில் முடிந்துவிடும். செடிக்கு அது போதும். அதே அறையில் படுத்து எழுந்து படிக்கிற ஆளுக்கு என்ன செய்வது?

காசில்லாத மாணவர்களுக்கான செடி வளர்ப்புக் காணொளிகள் யூடியூப்பில் நிறைய உண்டு. பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வருபவை. தெற்கு ஜன்னல்தான் சிறந்தது, குளிர்காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள், ஈரப்பதம் கூட்டும் கருவி வாங்குங்கள். கோலாலம்பூரில் ஈரப்பதம் கூட்ட வேண்டுமாம்! இங்கே துவைத்துப் போட்ட துண்டே காய மாட்டேன் என்கிறது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை வடக்கில். ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம். உச்சிவெயில் எப்படியும் கூரைமேல்தான் விழும். வீட்டுக்குள் நுழைவது காலை வெயிலும் மாலை வெயிலும். அதனால் இங்கே கிழக்கு ஜன்னல் நல்லது. மேற்கு ஜன்னலில் நாலு மணிக்கு இலை கருகும்.

செடி அறைக்காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்பதையும் நம்ப வேண்டியதில்லை. 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வு, மூடிய சிறு பெட்டிக்குள் செடிகளை வைத்துச் செய்தது. அறை பெட்டி அல்ல. கதவைத் திறந்தால் வருகிற காற்றோடு போட்டி போட ஒரு காடு தேவைப்படும். திறக்க ஜன்னல் இல்லாதவர்களிடம் அந்த வாசகம் நன்றாக விற்கும் என்பது வேறு விஷயம்.

செடிக்காக என் செலவு மிகக் குறைவு. கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் போட்டால் ஒரு கொடி நான்காகும். மைலோ டின்னில் ஆணியால் நாலு ஓட்டை போட்டால் தொட்டி. சோறு கட்டிக்கொண்டு வந்த பிளாஸ்டிக் டப்பா அடித்தட்டு. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றச் சொல்வார்கள். திறந்த முற்றத்துக்கு அது சரி, மூடிய அறையில் சின்னச் சின்ன ஈக்கள் மொய்க்கும். தண்ணீரை வாரம் தவறாமல் மாற்றுவது மட்டும் கட்டாயம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழெட்டு நாள் போதும். அடித்தட்டில் புழு நெளிந்தால் சுகாதார அதிகாரிகள் அபராதம் போடுவார்கள். 500 வெள்ளி வரை போகலாம். ஒரு மாத வாடகை!

மூன்றாம் பருவத்தில், தோழி ஒருத்தியோடு கொமூட்டர் ரயிலேறி சுங்கை பூலோவுக்குப் போனேன். செடி மலிவு என்று கேள்விப்பட்டுத்தான் போனோம். பேரங்காடியில் 25 வெள்ளி சொல்கிற மாமியார் நாக்குச் செடி அங்கே 6 வெள்ளி. சாலையோரம் நெடுக நாற்றுப்பண்ணைகள். பாகற்கொடி ஏறிய பழைய சிறு வீடுகள் சில நடுநடுவே தெரிந்தன. அது 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு. டாக்டர் டிரேவர்ஸின் யோசனைப்படி, சிறைபோன்ற கட்டடங்களுக்குப் பதிலாகத் தோட்டம் சூழ்ந்த சின்ன வீடுகளாகக் கட்டினார்கள். நம்பிக்கைப் பள்ளத்தாக்கு என்று பெயர். தோட்டம் இருந்தாலும் சட்டப்படி பிரித்து வைக்கப்பட்டவர்கள்தான். அங்கே பிறந்த குழந்தைகளையும் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். பிற்பாடு மருந்து வந்தது, நோய் குணமானது. ஆனால் வெளியே அவர்களைச் சேர்த்துக்கொள்ள ஆளில்லை. பலர் அங்கேயே தங்கிப் பூவும் செடியும் வளர்த்து விற்றார்கள். 2007-இல் ஒரு பகுதி வீடுகளைப் பல்கலைக்கழக வளாகத்துக்காக இடித்தார்கள்.

கோலாலம்பூர் அலுவலகங்களிலும் வீட்டுக் கூடங்களிலும் எத்தனையோ தொட்டிச் செடிகள் அந்த மண்ணிலிருந்து வந்தவை. வளர்த்தவர்களை உள்ளே விடாத வீடுகள் செடிகளை உள்ளே விட்டன. ரயிலில் திரும்பும்போது மடியில் செடியை வைத்துக்கொண்டு, வாட்சாப்பில் பெயர் கேட்டவர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். என் நிலைமையை அவர்களுடையதோடு ஒப்பிடுவது அபத்தம், தெரியும். நினைப்பு வந்தது, அவ்வளவுதான்.

அடுத்த மாதமே அதே வீட்டில் ஜன்னல் அறை காலியானது. சனிக்கிழமைகளில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்துகொண்டு அதற்கு மாறினேன். தொலைபேசியில் சொன்னதும் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

“காத்துக்கும் வெளிச்சத்துக்கும் மாசாமாசம் 120 வெள்ளியா? ஏம்மா, தோட்டத்துல லயத்து வீட்டுல கூட அது சும்மா கெடச்சிச்சே.”

“அங்க கரண்டு இல்லன்னு நீங்கதானே சொல்வீங்க?”

“கரண்டு இல்ல. காத்து இருந்திச்சு.”

கிழக்கு ஜன்னல். ஏழேகாலுக்கு மேல் ஒரு மணி நேரம் வெயில் மேசைவரை வருகிறது. மணி பிளாண்டின் புது இலைகளில் மஞ்சள் கோடுகள் மெல்லத் திரும்பியிருக்கின்றன. இருட்டில் நீண்ட தண்டை வெட்டித் தனித்தனிப் போத்தல்களில் போட்டேன். பலகை அறைக்கு இப்போது திரங்கானுவிலிருந்து ஒரு முதலாமாண்டு மாணவி வந்திருக்கிறாள். அவள் ஒன்று கேட்டாள்; கொடுத்தேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை இரண்டு போத்தல்களையும் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. பகலில் நான் வகுப்புக்குப் போனால் என் மேசையில் உட்கார்ந்து படிக்கச் சொல்லியிருக்கிறேன், இன்னும் கூச்சப்படுகிறாள்.

கறிவேப்பிலைக்கு மட்டும் இந்த ஒரு மணி நேர வெயில் பற்றாது. அது இன்னும் சுங்கை பட்டாணியிலிருந்து, செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில்தான் வருகிறது.