கோழிக்குஞ்சுக்கு வந்த தெர்மோஸ்டாட்

காவலூரைத் தாண்டி ஜமுனாமரத்தூர் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு மண்பாதை. அதன் முடிவில் சிமென்ட் ஷீட் போட்ட வீடு, பக்கத்தில் சாமை அடித்த களம். வீட்டை ஒட்டிய சின்ன அறையில் இருநூறு நாட்டுக்கோழிக் குஞ்சுகள், பிறந்து பத்து நாள் ஆனவை. மார்கழி விடியலில் வெளியே கை விறைக்கிறது. உள்ளே நுழைந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றுகிறது. இந்த வெதுவெதுப்பைக் காவல் காப்பது தீப்பெட்டி அளவே உள்ள ஒரு சர்க்யூட் போர்டு.

"போன வருசம் வரைக்கும் ராவுல மூணு நாலு வாட்டி எழுந்து வந்து பல்பப் போடறதும் நிறுத்தறதுமா இருந்தேன்ணா. தூங்கிப்போனா காலையில பத்துக் குஞ்சு போயிருக்கும்" என்றார் வீட்டுக்காரர். முப்பது வயதிருக்கும். மோட்டார் ரிப்பேர் தெரிந்தவர்.

கடைக்காரர்கள் டபிள்யூ 1209 என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் போர்டு அது. இவர் வாங்கியது இருநூறு ரூபாய்க்குள். 12 வோல்ட் அடாப்டர் ஒன்று, நாலு ஹோல்டர், நாலு 100 வாட் குண்டு பல்பு, கொஞ்சம் ஒயர். பல்புதான் அலையவிட்டதாம். கடையெல்லாம் எல்.இ.டி. மயம். வெளிச்சத்துக்கு அது சரி, சூட்டுக்கு உதவாது. குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட் என்று கோழிக்காரர்கள் போடும் கணக்கில் நாலு பல்பு சரியாக வருகிறது.

போர்டிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் தொங்குகிறது. அதன் நுனியில் எஃகு மூடிக்குள் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும். போர்டு அதைப் படித்து டிகிரியாகக் காட்டும். வைத்த அளவைத் தொட்டதும் ரிலே 'டக்' என்று பல்பை அணைக்கும். கரண்ட் வரும் ஃபேஸ் ஒயரை வெட்டி ரிலேயின் இரண்டு திருகுகளில் மாட்டியிருக்கிறார். நியூட்ரல் நேராகப் பல்புக்குப் போகிறது. மாற்றி மாட்டினாலும் பல்பு எரியும், அணையும். ஆனால் அணைந்த பல்பின் ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். ஈரக்கையோடு தண்ணீர் மாற்ற வருகிறவர்கள் உள்ள அறையில் இது சின்ன விஷயம் இல்லை.

அமைப்பைக் காட்டச் சொன்னேன். பட்டனை அழுத்திப் பிடித்தால் 'பி 0': சூடாக்கவா குளிர்விக்கவா என்பது. அடுத்தது 'பி 1', எத்தனை டிகிரி இடைவெளி என்பது. இவர் 2 வைத்திருக்கிறார். 32-இல் அணைந்தால் 30-க்கு இறங்கிய பிறகே மறுபடி எரியும். அதை 0.1 வரை குறைக்கலாம். குறைத்தால் ரிலே ராத்திரி முழுக்க டக்டக்கென்று அடித்துச் சீக்கிரம் தேய்ந்துபோகும். திரையில் தெரியும் அந்தத் தசமப் புள்ளி விற்பனைக்கு நல்லது; குஞ்சுக்கு அது தேவையில்லை. அதற்கு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டே போனால் போதும்.

சென்சாரை முதலில் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில் தொங்கவிட்டாராம். சூடான காற்று மேலே ஏறிவிட, திரை 32 காட்டியது. தரையில் குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கின. இப்போது உமிக்கு நாலு விரல் மேலே, பல்பின் ஒளி நேராகப் படாமல் ஒரு தகரத் துண்டை மறைப்பாக வைத்துத் தொங்குகிறது. தரையைக் காட்டி, "நான் மீட்டரப் பாக்கறதே இல்ல, இதுங்களத்தான் பாக்கறேன்" என்றார். குளிர்ந்தால் கூடிக்கொள்ளும், சூடு மிஞ்சினால் சுவரோரம் ஒதுங்கி வாயைப் பிளக்கும். நான் பார்த்தபோது அறை முழுக்கப் பரவி உமியைக் கிளறிக்கொண்டிருந்தன. எந்தச் சென்சாருக்கும் இதுதான் உரைகல்.

தெர்மோஸ்டாட் என்றால் நமக்கு ஏ.சி. நினைவுக்கு வரும். ஆனால் அது முதலில் வந்தது கோழிக்குத்தான். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னீலிஸ் ட்ரெபெல் என்ற டச்சுக்காரர் முட்டை பொரிக்கும் அடுப்பு ஒன்றைச் செய்தார். சூடு ஏறினால் பாதரசம் மேலெழும்பி, தீக்குக் காற்று போகும் வழியை அடைக்கும். 1777-இல் பிரான்சில் பொன்மேன் செய்ததும் குஞ்சு பொரிக்கும் கருவிக்குத்தான். மனிதர்களின் அறைக்கு மின் தெர்மோஸ்டாட் வர 1883 ஆனது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாண ஆசிரியர் வாரன் ஜான்சன் அந்த ஆண்டு காப்புரிமை பெற்றார். காவலாளி ஒவ்வொரு வகுப்பாகக் கதவைத் திறந்து சூடு பார்க்க வருவது அவருக்குப் பாடம் நடத்த இடைஞ்சலாக இருந்திருக்கிறது.

இதே பகுதியில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்திலும் வெப்பம் ஒரு தீராத தலைவலிதான், ஆனால் தலைகீழாக. 1986-இல் திறக்கப்பட்ட அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் குறுக்களவு. அத்தகைய ஆடியும் அதைச் சுற்றிய காற்றும் வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால், மேலெழும் காற்றலை விண்மீனைக் கலங்கடித்துவிடும். அவர்களுக்கு உள்ளும் வெளியும் ஒன்றாக வேண்டும். இவருக்கு ஒன்றாகிவிடக் கூடாது.

எனக்குக் கவலை தந்தது ரிலேதான். அதன்மேல் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது. நாலு பல்பும் சேர்ந்து இரண்டு ஆம்பியர்கூட இழுக்காது. ஆனால் குளிர்ந்த இழை எரியத் தொடங்கும் கணத்தில் அதைப்போலப் பத்து மடங்கு வரை இழுக்கும். தினமும் பல தடவை அப்படி இழுத்தால் ஒருநாள் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் போர்டு 'அணை' என்று சொன்னாலும் பல்பு அணையாது. கீழே இருப்பதோ காய்ந்த உமி, சுற்றிலும் சாக்குப் படுதா. போர்டு வைத்திருந்த ஐஸ்கிரீம் டப்பாவும் எனக்குப் பிடிக்கவில்லை. தூசி புகாத பி.வி.சி. பெட்டி ஒன்றும் விலை அதிகமில்லை.

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு உள்ளேயிருந்து அவர் அம்மா பதில் சொன்னார்: "சட்டியில கரி போட்டு வெப்போம் கண்ணு. ஜன்னலத் தொறந்து வெச்சிட்டுத்தான்." ஜன்னலைச் சாத்தினால் கரிப்புகையே குஞ்சைக் கொன்றுவிடும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரிலே ஒட்டினால் என்ன வழி என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். இன்னொரு போர்டை வாங்கி, முதல் ரிலேயோடு சீரியஸில் மாட்டி, 38-இல் அணையும்படி வைக்கலாம் என்றேன். முதலாவது ஒட்டினாலும் இரண்டாவது வெட்டும். சென்சாரும் தனியாக இருக்க வேண்டும். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொரு இருநூறு ரூவா. நாலு குஞ்சு வெல" என்றார். திருப்பத்தூர் போகும்போது பி.வி.சி. பெட்டியையும் சேர்த்து வாங்கி வருவதாகச் சொன்னார்.